ரப்பர் கையை உங்கள் கையாக உணர்வது எப்படி?

பார்வையும் தொடு உணர்வும் முரண்படும்போது மூளை எதன் பக்கம் சாய்கிறது என்பதை வீட்டு மேசையிலேயே சோதித்துப் பார்க்கலாம். மேத்யூ பாட்வினிக், ஜொனாதன் கோஹன் ஆகியோர் 1998-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட இச்சோதனைக்குப் பஞ்சு அடைத்த ரப்பர் கையுறை, ஒரே அளவிலான இரண்டு தூரிகைகள், ஓர் அட்டை, ஒரு துண்டு, பொறுமையுள்ள துணை ஒருவர் இருந்தால் போதும்.

இடக்கையை மேசைமீது வைத்து, அது கண்ணில் படாதபடி அதன் வலப்பக்கம் அட்டையை நிறுத்துங்கள். அட்டைக்கு இப்பால், கையிலிருந்து சுமார் 15 செ.மீ. தள்ளி, இடக்கைக்குரிய கையுறையை விரல்கள் அதே திசையை நோக்கும்படி வைத்து, உங்கள் தோளிலிருந்து கையுறையின் மணிக்கட்டு வரை துண்டால் மூடிவிடுங்கள். கையுறையை உங்களை நோக்கித் திருப்பி வைத்தால், அது உங்கள் கையே எனத் தோன்றும் மாயை பெரும்பாலும் எழாது. தொலைவு 30 செ.மீ.யைத் தாண்டினாலும் அது வலுவிழக்கும்.

இனித் துணைவர் மறைந்திருக்கும் ஆள்காட்டி விரலையும் கையுறையின் ஆள்காட்டி விரலையும் ஒரே கணத்தில், ஒரே திசையில் தூரிகையால் வருட வேண்டும். நீங்கள் பேசாமல் கையுறையின் விரலையே பார்த்துக்கொண்டிருங்கள். ஓரிரு நிமிடங்களில், தூரிகை படுவது ரப்பரின் மேல்தான் என்று பலருக்குத் தோன்றும். சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் தோன்றாது.

கை எங்கே இருக்கிறது என்பதில் தசைகளும் மூட்டுகளும் தரும் தகவலைவிடக் கண் தரும் தகவல் பொதுவாகத் துல்லியமானது. எனவே காட்சியும் வருடலும் ஒரே நேரத்தில் வந்தால், மூளை அவற்றை ஒரே நிகழ்வாகக் கொண்டு, தொடு உணர்வைக் கண் காட்டும் இடத்துக்கு மாற்றிவிடுகிறது. குரங்குகளின் மூளையில், கையைத் தொட்டாலும் கைக்கு அருகே ஒரு பொருள் வந்தாலும் தூண்டப்படும் நரம்பணுக்கள் கண்டறியப்பட்டுள்ளன; கை நகரும்போது அவை கண்காணிக்கும் பார்வைப் பரப்பும் கூடவே நகர்கிறது.

அடுத்து, இரு தூரிகைகளையும் அரை நொடி முன்பின்னாக அசைக்கச் சொல்லுங்கள். மாயை கலைய வேண்டும். இந்த ஒப்பீடு இல்லையென்றால் செய்தது வெறும் வேடிக்கைதான். அளந்து பார்க்க விரும்பினால், வருடலுக்கு முன்னும் பின்னும் கண்களை மூடி, மேசைக்கு அடியில் வலக்கை விரலை நகர்த்தி, இடக்கை விரலுக்கு நேர்கீழ் எனத் தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். மாயை ஏற்பட்டிருந்தால் இரண்டாம் முறை அந்த இடம் கையுறையை நோக்கி நகர்ந்திருக்கும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கேரி ஆர்மெலுடன் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் ரப்பர் விரலைப் பின்னோக்கி வளைத்து, பார்ப்பவர் பதறுகிறாரா என்பதை அறிய, அவர் தோலில் வியர்வையால் ஏற்படும் மின் மாற்றத்தைப் பதிவுசெய்தார். வீட்டில் அக்கருவி வேண்டியதில்லை. முன்னறிவிப்பின்றித் துணைவர் கையுறையின் விரலை மடக்கும்போது உங்கள் இடக்கை துணுக்குறுகிறதா என்று கவனித்தால் போதும்.