கொப்பியின் நடுவே கோடு போடாதீர்கள்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில், நாவலையும் அதைத் தழுவிய படத்தையும் ஒப்பிட்டு உயர்தர வகுப்பு மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்துவேன். பெரும்பாலான கொப்பிகளில் அடிமட்டம் வைத்து நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் நாவல், வலப்பக்கம் படம். கீழே ஒரே பல்லவி: இந்தப் பாத்திரம் இல்லை, அந்தக் காட்சி இல்லை, முடிவு வேறு. இது ஒப்பீடு அன்று, கடைச் சாமான் கணக்கு.

‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாக நாவல். படம் 2022, 2023இல் இரண்டு பாகங்களாக வந்தது. நாவலில் வந்தியத்தேவனை ஒருதலையாகக் காதலிக்கும் மணிமேகலை படத்தில் இல்லை. “நேரம் போதாது” என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவுகிறார்கள். நாவலின் கடைசி அத்தியாயமே அவள் வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுவதுதான். அவளை எடுத்துவிட்டால் கதை எந்தத் துயரத்தில் முடிவது? அதைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு தவறு, கதையை மட்டும் பார்த்துச் சொல்முறையை விட்டுவிடுவது. பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. அதைத் தழுவிய ‘அசுரன்’ 2019இல். நாவல் தொடங்கும்போதே சிறுவன் சிதம்பரம், தன் அண்ணன் கொலைக்குக் காரணமான ஆளை வெட்டிவிடுகிறான். கையை மட்டும் வெட்டத்தான் நினைத்திருந்தான், ஆள் செத்துப்போகிறான். பிறகு தகப்பனும் மகனும் எட்டு நாள் ஒளிந்து திரிகிறார்கள்: எதைத் தின்பது, எங்கே படுப்பது. நாம் பையனின் தோளோடு ஒட்டி நடக்கிறோம். படமோ தனுஷ் நடித்த தகப்பனை நாயகனாக்கி, அவருடைய இளமைக்கு நீண்ட முன்கதை சேர்க்கிறது. அதனால் கோபத்துக்கு ஒரு வரலாறு கிடைக்கிறது. பையனின் பதற்றம் பின்னுக்குப் போகிறது. பெற்றது, இழந்தது இரண்டையும் எழுதுங்கள். எனக்கு நாவல்தான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

“மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்” என்று நம் ஊரில் எழுதுவதுதான் எனக்குச் சிரிப்பு. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் நடக்கும் குளிர்த்திச் சடங்கில், கண்ணகி கதையைச் சொல்லும் ‘கண்ணகி வழக்குரை’ என்ற காவியத்தைப் பாடக் கேட்கிறோம். அதில் அம்மன் மாங்கனியிலிருந்து பிறக்கிறாள். சிலப்பதிகாரத்தில் மாங்கனி ஏது? அதற்காக எவரும் கோயிலை விட்டு எழுந்து போவதில்லையே!

படத்தை முதலில் பார்த்துவிட்டு நாவலைத் திறப்பவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. ‘அசுரன்’ பார்த்துவிட்டு ‘வெக்கை’ படித்தவள் ஒருத்தி. “தகப்பன் பேசும் இடமெல்லாம் தனுஷின் குரல்தான் கேட்கிறது, சேர்” என்றாள் அந்த மாணவி. அதையே முதல் பந்தியாக எழுதச் சொன்னேன். எழுதி வந்தாள், அந்தக் கட்டுரையைத்தான் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினேன்.