ஏரியைப் படிப்பது எப்படி? எந்த மாதத்தில் மீன் எங்கே நிற்கும்?

தூண்டில் பிடித்த முதல் இரண்டு வருடம் என் முறை ரொம்ப எளிது. பைக்கை எங்கே நிழலில் நிறுத்த முடிகிறதோ அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். கார்த்திகையில் பை நிறைந்த அதே இடத்தில் சித்திரையில் ஒரு பொடிக் கெண்டைகூடக் கடிக்காது, நானும் புழு சரியில்லை, முள் சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருப்பேன். மீன் எப்போதோ இடம் மாறியிருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் பாசன ஏரிகளை வைத்து. அணைத் தேக்கத்துக்குக் கணக்கு வேறு.

முதலில் கரையில் நடங்கள்

தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நம் ஏரி தோண்டிய குளம் இல்லை. சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கமாக மண்கரை போட்டுத் தண்ணீரை மறித்தது. அதனால் ஆழம் நடுவில் இருக்கும் என்று நினைக்காதீர்கள், அது கரையோரம்தான். இந்தப் பக்கத்து நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்கில் இருக்கும். எதிர்ப்பக்கம் தட்டையாகப் போய்ப் புல்லிலும் கோரையிலும் முடியும்.

நடக்கும்போது மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மதகு (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் இடம்), கலங்கல் (ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்), வரத்து வாய்க்கால் உள்ளே வந்து சேரும் வாய். வயலுக்குக் கடைசித் தண்ணீர் வரை போக வேண்டும் என்பதால் மதகைத் தாழ்ந்த இடத்தில்தான் வைப்பார்கள். ஏரி வற்றும்போது அங்கேதான் தண்ணீர் கடைசி வரை நிற்கும்.

அப்புறம் வற்றிய ஏரியைப் பாருங்கள்

என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான். மே, ஜூனில் ஏரி காய்ந்து கிடக்கும்போது உள்ளே இறங்கி நடந்தால் தரை முழுக்கத் தெரியும்: பழைய ஓடை வளைந்து வளைந்து மதகை நோக்கிப் போவது, கரைக்கு மண் எடுத்த பள்ளம், வண்டல் அள்ளிய குழிகள், நாட்டுக் கருவேலத்தின் அடிக்கட்டைகள். அந்தக் கட்டைகளை முன்னாடியே பார்த்து வைத்திருந்தால் ஒரே காலையில் ஏழு முள்ளை நான் இழந்திருக்க மாட்டேன். குழி எங்கே என்பதற்குக் கரையில் இரண்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பனைமரமும் அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் நேர்கோட்டில் வருவது மாதிரி. தண்ணீர் வந்த பிறகு அது ஒன்றுதான் துணை.

ஏரி வற்றவே இல்லையா? கணினியில் கூகுள் எர்த் திறந்து பழைய படங்களுக்குப் போங்கள். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் உட்படச் சென்னையைச் சுற்றிய ஏரிகள் தரை தட்டின. அந்த நேரத்துப் படம் கிடைத்தால் பள்ளமெல்லாம் வெட்டவெளிச்சம்.

ஆழம் அளக்கத் தக்கையே போதும். தக்கை தண்ணீரில் படுத்துக் கிடந்தால் ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். தக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி, அது நிமிர்ந்து நிற்கும் இடத்தில் முழம் போட்டுப் பாருங்கள்.

இனி மாதத்தை அதன் மேல் வையுங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் வரத்து வாய்க்காலில் புதுவெள்ளம் வந்ததும் மீன் ஏறும். கெண்டை, கெளுத்தி எல்லாம் ஓட்டத்தை எதிர்த்துத் தட்டைப் பக்கத்துக்கும் வாய்க்காலுக்கும் போகும். மூழ்கிய புல்லில் முட்டையிட இடமும் குஞ்சுக்குத் தீனியும் உண்டு. ஏரி நிரம்பிக் கோடி போகும் (வழியும்) நாட்களில் கலங்கலுக்குக் கீழே குட்டையில் மீன் குதிக்கிறதே என்று கூட்டம் கூடும். சினை மீனை அந்த நேரத்தில் விட்டுவிடுவது நல்லது, நான் அப்போது வாய்க்கால் பக்கம் போடுவதில்லை. தண்ணீருக்கு மேல் சிவப்பாகப் பார்ப்புக் கூட்டம் (விரால் குஞ்சுகள்) சுழன்றால் அடியில் தாய் விரால் காவல் இருக்கிறது, அதையும் விடுங்கள்.

தை, மாசியில் காலைப் பனிக்குத் தண்ணீர் குளிர்ந்திருக்கும். விடியற்காலையில் போய் நடுங்குவதில் லாபமில்லை. பத்து மணி வெயில் ஏறியதும் ஜிலேபி மீன் (திலாப்பியா) ஓரத்துக்கு வரும். தெளிந்த தண்ணீரில் தரையில் தட்டு தட்டாகக் குழிகள் தெரிந்தால் அது ஆண் ஜிலேபி பறித்த இடம்.

பங்குனியிலிருந்து தண்ணீர் கரைப் பக்கமாகச் சுருங்கும், மீனும் பழைய ஓடை வழியாகவே பள்ளத்துக்கு இறங்கும். அந்த ஓடை தட்டையிலிருந்து பள்ளத்தில் விழுகிற விளிம்புதான் எனக்குப் பிடித்த இடம்.

சித்திரை, வைகாசியில் பிரச்சினை தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். இரவெல்லாம் பாசியும் மூச்சு விடுவதால் விடியும் நேரத்தில் அந்த ஆக்சிஜன் மிகக் குறைந்துவிடும். கட்லா, ரோகு மேலே வந்து வாயைத் திறப்பது அதனால்தான், பசியால் இல்லை, அப்போது இரை போட்டால் சீண்டாது. மேற்கிலிருந்து மேல்காற்று கிளம்பிக் கரைக் கல்லில் அலை அடித்தால் தண்ணீரில் காற்று கலக்கும், அந்தக் கல்லோரம் போட்டுப் பாருங்கள். விராலும் தேளியும் வெளிக்காற்றை நேரடியாக மூச்சு வாங்குகிறவை என்பதால் சேறான குட்டையிலும், வேலம்பாசிக்கு நடுவிலும் கிடக்கும்.

ஒரு சின்ன நோட்டில் தேதி, கலங்கலிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே, காற்று எந்தப் பக்கம், எங்கே கடித்தது, இவ்வளவு மட்டும் எழுதுங்கள். ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர் இருந்தால் முதல் நாளே அவரிடம் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் ஒற்றைத் தூண்டிலுக்குச் சரி என்பார். மதகு திறந்திருக்கும்போது மட்டும் முள் மாட்டியது என்று அதன் வாய்ப்பக்கம் இறங்காதீர்கள், இழுப்பு மேலே தெரியாது. நூலை அறுத்துவிட்டு வேறு முள் கட்டுங்கள்.