சிக்லிட்டா, கலப்பு மீன் தொட்டியா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்
தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறதா? அந்தத் தண்ணீர் ஆப்பிரிக்க மலாவி ஏரி சிக்லிட் என்ற மீன் வகைக்குப் பிடிக்கும், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை அளவு) 7.8 முதல் 8.6 வரை அதற்கு இதம். ஆனால் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி வேண்டும், சுமார் 250 லிட்டர். ஒரு ஆணுக்கு 3 பெண். முதலில் கல்லை அடுக்கி, பிறகு மணல் போடுங்கள். மணல்மேல் கல் வைத்தால் மீன் அடியில் தோண்டி, கல் சரிந்து கண்ணாடி விரிசல் விடும்.

2 அடித் தொட்டிதானா? கலப்புத் தொட்டியாக கப்பி, மோலி, பிளாட்டி என்ற சின்ன மீன்கள் போதும். மூன்றும் இந்தத் தண்ணீரைத் தாங்கும். நியான் டெட்ரா மீனுக்கு ஆர்ஓ தண்ணீர் பாதிக்குப் பாதி கலந்தே ஆகவேண்டும். தயவுசெய்து கப்பியைச் சிக்லிட்டோடு விடாதீர்கள், விடிவதற்குள் வால் இருக்காது.