ரோபோ மென்பொருள் பயிற்சிக்குச் செல்லும் வன்னி மாணவருக்கு: பிழையை எங்கே தேடுவது

அறிவியல்நகரில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலிருந்தோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலிருந்தோ ரோபோ மென்பொருள் பயிற்சிக்குச் செல்லும் தம்பி தங்கையர் பெரும்பாலும் நிரலாக்கத்துக்கே தம்மைத் தயார்ப்படுத்துகின்றனர். அது வேண்டியதுதான். ஆனால், ஆறு மாதப் பயிற்சியில் என் நேரத்தைத் தின்ற பிழைகளில் அநேகமானவை நிரலுக்குள் இருக்கவில்லை. வண்டிச் சில்லு, கடிகாரம், வலையமைப்பு என்று நிரல் வெளியுலகைத் தொடும் இடங்களிலேயே இருந்தன. அந்த இடங்களைச் சோதிக்கும் முறையையே இங்கு எழுதுகிறேன்.

செல்வதற்கு முன் மடிகணினியில் உபுண்டு 24.04 இயங்குதளத்தையும், ரோபோ மென்பொருள் எழுத உதவும் ரொஸ் 2 (ROS 2) தொகுப்பின் அதற்குரிய ஜாசி பதிப்பையும் நிறுவி, ரோபோவைக் கணினித் திரையிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் கெசீபோவில் ஒரு சிறு வண்டியை ஓட்டிப் பழகுங்கள். ரொஸ் 1 இன் கடைசிப் பதிப்பான நோயெட்டிக்கின் ஆதரவு 2025 மே மாதத்துடன் முடிந்துவிட்டதால், அதற்கென எழுதப்பட்ட பாடங்களில் காலத்தைச் செலவிட வேண்டாம். நீளம் மீற்றரில், கோணம் ரேடியனில், எக்ஸ் அச்சு முன்னே, வை அச்சு இடப்புறம், இசட் அச்சு மேலே என்ற மரபு மனப்பாடமாக இருக்கட்டும்.

ரோபோ கைக்கு வந்ததும் முதலில் சில்லை அளந்து பாருங்கள். எங்கள் வண்டியின் வரைபடத்தில் சில்லின் விட்டம் 20 சென்ரிமீற்றர் என்றிருந்தது. பற்றரியை ஏற்றி, சில்லின் ஓரத்தில் சோக்கால் கோடிட்டு, பத்துச் சுற்று உருட்டி நாடாவால் அளந்தபோது, 6.28 மீற்றர் வர வேண்டிய இடத்தில் 6.16 மீற்றரே வந்தது. பாரத்தில் ரயர் அமுங்கியதால் விட்டம் 19.6 சென்ரிமீற்றர் போலாகியிருந்தது. நான்கு மில்லிமீற்றர் அற்பமாகத் தெரியலாம். ஆனால் 50 மீற்றர் ஓடிவிட்டதாக வண்டி எண்ணும்போது அது உண்மையில் 49 மீற்றரில்தான் நிற்கும். கிரவல் ஒழுங்கையில் சில்லு வழுக்கினால் வித்தியாசம் இன்னும் கூடும் என்பதால், சில்லின் கணக்கை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

கடிகாரத்தை நான் மிகப் பிந்தியே சந்தேகித்தேன். அதில் மூன்று நாட்கள் போயின. ஆய்வுகூடத்தில் ஒழுங்காக ஓடிய வண்டியைக் கிளிநொச்சியில் ஒரு வயற்கரைக்குக் கொண்டுபோனபோது, லைடார் (லேசரால் தூரத்தை அளக்கும் உணரி) தரவு வந்துகொண்டே இருந்தும், அதைக்கொண்டு வண்டி வரையும் சுற்றுப்புற வரைபடம் வெறுமையாகக் கிடந்தது. நிரலின் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் பொறுப்பாளர், "தம்பி, நிரலைத் தொடாதையும். பதிஞ்ச தரவில நேரத்தைப் பாரும்" என்றார். வண்டியின் நேரம் மடிகணினியின் நேரத்தைவிட ஏழு நிமிடம் பின்னால் நின்றது.

வண்டியில் இருந்த ராஸ்பெரி பை 4 இல் பற்றரியால் இயங்கும் கடிகாரம் கிடையாது. இணையம் இருந்தால் அங்கிருந்து நேரத்தைப் பெறும். இல்லாத இடத்தில் மின்னை நிறுத்தி மீண்டும் கொடுத்தால், கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். மடிகணினியை நேரம் வழங்கும் கணினியாக அமைத்து, வண்டியில் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி மென்பொருளை நிறுவியதும் வரைபடம் வந்தது. நிமிடக் கணக்கில் பிந்தினால் தரவு நிராகரிக்கப்படுவதால் பிழை கண்ணில் படும். 0.2 செக்கன் மட்டும் பிந்தினாலோ தரவு அப்படியே ஏற்கப்பட்டு, செக்கனுக்கு 1 மீற்றர் செல்லும் வண்டியின் வரைபடத்தில் முன்னேயுள்ள மரம் 20 சென்ரிமீற்றர் தள்ளி விழக்கூடும். நான் அஞ்சுவது இந்த இரண்டாவதற்கே.

ஆகவே, ஒவ்வொரு ஓட்டத்தையும், சரியாக ஓடியதையும்கூட, பேக் கோப்பாக (ஓட்டத்தின் தரவை நேரத்துடன் சேமித்து, பின்னர் மீண்டும் ஓட்டிப் பார்க்க உதவும் ரொஸ் கோப்பு) பதிவு செய்யுங்கள். வெயிலில் பற்றரி தீரும்வரை வண்டியைத் துரத்துவதைவிட, பதிந்த தரவை நிழலில் பத்துத் தரம் ஓட்டிப் பார்ப்பது பயன் மிக்கது. கூடவே ஒரு கொப்பியில் திகதி, தரையின் தன்மை, பற்றரியின் வோல்ற்றளவு, நிரலின் பதிப்பு ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

ஒரே வைஃபையில் இரண்டு ரோபோக்கள் இயங்கினால் ஒவ்வொன்றுக்கும் வேறு டொமைன் எண் (ரொஸ் 2 இல் எவை ஒன்றோடொன்று தரவு பரிமாறும் என்பதைப் பிரிக்கும் எண்) கொடுங்கள். இரண்டும் இயல்பான 0 இல் இருந்தால் ஒன்றுக்கு அனுப்பும் கட்டளையில் மற்றதும் நகரலாம்.

பொறுப்பாளரிடம் உதவி கேட்கப் போகும்போது, "அண்ணா, ஓடேல்லை" என்று மட்டும் சொல்லாமல், எத்தனையாவது செக்கனில் நின்றது, அந்தக் கணத்தில் எந்தத் தரவு நின்றுபோனது, அதற்கு முந்திய ஓட்டத்திலிருந்து எதை மாற்றினீர்கள் என்பவற்றைப் பேக் கோப்புடன் கொண்டுபோங்கள்.