கணக்கு முடியும் முன்பே கேஷ் பதிவை நீக்குவது எப்படி?

திருப்பூர் பனியன் ஆர்டரின் அடக்கவிலையைக் கேட்கும்போது மட்டும் கணக்கிட்டுக் கேஷில், அதாவது விடையை மறுபடி பயன்படுத்தச் சேமிக்கும் இடத்தில், வைக்கும் ஜாவா நிரலில், கணக்கு ஓடும்போதே நூல் விலை மாறியதைக் கண்டு அதே பதிவை நீக்க முனைவது ஆபத்தானது. பல திரெட்கள் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) பகிரும் சாவி-மதிப்பு அட்டவணையான கன்கரண்ட்ஹேஷ்மேப்பில், சாவி இல்லாதபோது மதிப்பைக் கணக்கிட்டு வைக்கும் கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட் பூட்டைப் பிடித்திருக்க, உள்ளிருந்து பதிவை நீக்கும் ரிமூவை அழைத்தால் ஜாவா 8இல் நிரல் முடிவின்றிச் சுழலக்கூடும். ஜாவா 9 முதல் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் என்ற பிழை எழக்கூடும். பிழை எழுவதே மேல் என்பேன், ஏனெனில் சுழலும் திரெட் எதையும் சொல்லாது.

ஆகவே, சாவி இல்லாதபோது மட்டும் மதிப்பை வைக்கும் புட்இஃப்ஆப்சென்ட் மூலம், விடை பின்னர் நிரப்பப்படும் வெற்றுக் கம்ப்ளீட்டபிள்ஃபியூச்சர் ஒன்றை முதலில் வைத்து, கணக்கைப் பூட்டுக்கு வெளியே நடத்துங்கள். நீக்கும்போது சாவியோடு அந்த ஃபியூச்சரையும் சேர்த்தே ரிமூவிடம் கொடுங்கள். இதற்கிடையில் வேறொரு திரெட் வைத்த புதிய விலை அப்போது அழியாது. கணக்கிடும் திரெட்டே தன் ஃபியூச்சருக்காகக் காத்திருந்தால் விடிவே இல்லை. கணக்கு நடப்பிலுள்ள சாவிகளை, ஒவ்வொரு திரெட்டுக்கும் தனியாக மதிப்பு வைக்கும் திரெட்லோக்கலில் குறித்துவைத்து அதைத் தடுத்துவிடுங்கள்.