ஓசூர்ல சின்ன யூனிட் வச்சு அலுமினா கவச டைல் செய்யறது எப்படி

குண்டு துளைக்காத தகட்டுக்கு செராமிக்னு சொன்னாலே எல்லாரும் போரான் கார்பைடுன்னு ஆரம்பிக்கிறாங்க. அது எடை கம்மிதான், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.52 கிராம், ஆனா 2000 டிகிரிக்கு மேல அழுத்தத்தோட சூடேத்துற ஃபர்னஸ் வேணும், சின்ன ஷெட்டுக்கு கட்டுப்படியாகாது. அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, 3.98, வெயிட்டு ஜாஸ்தி, ஆனா சாதா காத்துலயே 1600 டிகிரில வெந்துரும். கம்மி செலவுனா இதுதான்.

பவுடர்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. 99.5 சதவீத சுத்தம், மைக்ரானுக்கும் கீழ நைஸா இருக்கணும். 0.25 சதவீதம் மெக்னீசியம் ஆக்சைடு சேருங்க, வேகும்போது உள்ள இருக்கற நுண்மணிகள் (கிரெயின்) பெருத்துப் போகாம அதுதான் தடுக்கும். உருண்டை போட்டு சுத்தி அரைக்கற பால் மில்லுல (ball mill) அலுமினா உருண்டையே போடுங்க, இரும்பு உருண்டை தேஞ்சு மாவுல கலந்துரும். கடைசியா பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) பசை 1, 2 சதவீதம் சேத்து ஸ்ப்ரே டிரை பண்ணணும், அதாவது கரைசலை சூடான காத்துல தெளிச்சு குருணையா காய வைக்கணும். பவுடரை கையில எடுத்துப் பாருங்க, கேழ்வரகு மாவு மாதிரி ஒட்டக்கூடாது, கேழ்வரகு மாதிரியே விரலிடுக்குல உருண்டு ஓடணும். ஓடலன்னா டைல்ல ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் பொசபொசன்னு வரும், சூளைல அது கோணிக்கும்.

பிரஸ்ல 100 மெகாபாஸ்கல் போதும். டை (பவுடரை அழுத்தற அச்சு) செய்யக் குடுக்கறப்பவே வேகும்போது வர்ற சுருக்கத்தை கணக்கு பண்ணிடுங்க. 17 சதவீதம் சுருங்கும்னா 50 மில்லிமீட்டர் டைலுக்கு டை 60.2 மில்லிமீட்டர். உண்மையான மிச்சம் இங்கதான், ஏன்னா வெந்தப்புறம் அளவு சரி பண்ணணும்னா டைமண்ட் வீல்தான், அது தேயற செலவு என்னன்னு கிருஷ்ணகிரில கிரானைட் கட்டிங் வச்சிருக்கறவங்களைக் கேட்டா சொல்லுவாங்க.

சூளைல 600 டிகிரி வரைக்கும் நிமிஷத்துக்கு 1 டிகிரிதான், பசை புகையா வெளிய போக நேரம் குடுக்கணும். நான் முதல் தடவை கரண்ட் பில்லுக்குப் பயந்து 5 டிகிரில ஏத்தி ஒரு லோடு முழுக்க வெடிச்சுப் போச்சு, அப்ப மிச்சம் பண்ண கரண்டைவிட போன பவுடர் பல மடங்கு. 600 தாண்டினா 4, 5 டிகிரி ஏத்தலாம், 1600ல 2 மணி நேரம் நிறுத்துங்க. சிலிக்கான் கார்பைடு ராடு அந்த சூட்டுக்கு தாங்காது, மாலிப்டினம் டைசிலிசைடு ஹீட்டர் போடுங்க.

வெளிய எடுத்ததும் தண்ணில முக்கி அடர்த்தி பாருங்க, 3.85க்கு கீழ வந்தா ஒதுக்கிடுங்க. மை தடவி துடைச்சா விரிசல் இருக்கற இடத்துல முடி மாதிரி கோடு நிக்கும். சுண்டினா கணீர்னு கேக்கணும்.

செராமிக் குண்டோட முனைய உடைக்கத்தான், சிதறலைப் பிடிக்கறது பின்னாடி ஒட்டற அராமிட் (கெவ்லார் மாதிரி பலமான நார்த்துணி) அடுக்கு, ரெண்டும் சேந்தாதான் கவசம். சின்ன அறுகோண டைலா அடுக்குங்க, அடி பட்ட டைல் மட்டும் நொறுங்கும், பக்கத்துல இருக்கறது பெருசா அடி வாங்காது. குண்டு துளைக்காத ஜாக்கெட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 17051:2018 படி லேப்ல சுட்டு டெஸ்ட் பண்ணாம ஒருத்தருக்கும் போடக் குடுக்காதீங்க, உயிர் விஷயம். அதுவரைக்கும் இதே டைலை கல் உடைக்கற கிரஷர்ல கல்லு சரிஞ்சு இறங்கற சரிவுத் தொட்டியோட (chute) உள்பக்கம் ஒட்டறதுக்கு விக்கலாம், கல்லு உரசி இரும்பு தேயற இடம் நம்ம மாவட்டத்துல நிறைய இருக்கு.