பென்னாகரம் வரை போய்வரும் செலவை யார் தருவது? ஆர்ஓ சர்வீஸ் தொழிலில் புதிதாக இறங்குவோருக்கு ஒரு செய்முறை

தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் உப்பும் மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட பிறகும், போர்வெல்லை நம்பியிருக்கும் வீடுகளில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் அன்றாடத் தேவையாகவே இருக்கிறது. உப்பு மிகுந்த தண்ணீரில், உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்வதால், தருமபுரி நகரத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்குச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். அந்த ஊர்களுக்குப் போய்வரும் செலவை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கலாமா என்பதே இத்தொழிலில் புதிதாக இறங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி.

வாங்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் வண்டி கிளம்புவதற்கு முன்பே அந்தத் தொகை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உதிரிபாக விலையில் அதை மறைத்துச் சேர்க்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மெம்பரேனின் விலையை வாடிக்கையாளர் இன்று கைப்பேசியிலேயே பார்த்துவிடுகிறார். நீங்கள் கூடுதலாக வைத்த முந்நூறு ரூபாய் வழிச்செலவுக்கானது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கொள்ளை விலை என்றுதான் நினைப்பார். அதோடு, கடைக்கு அடுத்த தெருவில் இருப்பவரும் பென்னாகரத்துக்காரரின் வழிச்செலவைச் சேர்த்துக் கட்ட நேரிடும்.

படி 1: தூரத்தை அளத்தல்

கூகுள் மேப்ஸ் போதும். ஆனால் ஊர்ப்பெயரைத் தட்டி வரும் தூரத்தை நம்பாதீர்கள். ‘அள்ளி’ என்று முடியும் ஊர்கள் நம் பக்கம் ஏராளம். ஒரே பெயர் இரண்டு வட்டங்களில் இருப்பதும் உண்டு. வாட்ஸ்அப்பில் வீட்டின் லொகேஷனை அனுப்பச் சொல்லி, அதிலிருந்து கடைவரை அளந்துகொள்ளுங்கள்.

படி 2: உண்மையான செலவைக் கணக்கிடுதல்

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். “பெட்ரோல் காசு மட்டும் வாங்கிக்கோங்கண்ணா” என்று வாடிக்கையாளர் சொல்லும்போது நியாயமாகவே தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெட்ரோல் அதில் சிறு பங்குதான் என்பது தெரியவரும்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் ஏறத்தாழ 30 கி.மீ.; போய்வர 60. கருவிப்பையோடு ஓடும் பைக் லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கிறது என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் முழுத்தொகையாக வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு ஆவது சுமார் 133 ரூபாய். டயர், செயின், ஆயில், காப்பீடு எல்லாவற்றுக்குமாகக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால் 60. அடுத்தது நேரம். நாளொன்றுக்கு 800 ரூபாய் கூலி வாங்கும் ஆள் எட்டு மணி நேரம் உழைக்கிறார் என்றால் மணிக்கு 100 ரூபாய் ஆகிறது. போகவர ஒரு மணி 40 நிமிடம் சாலையில் கழிந்தால் 167 ரூபாய். ஆக மொத்தம் 360. இதில் பெட்ரோல் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்.

தனியாளாகத் தொழில் செய்பவர்கள் தம் நேரத்துக்குக் கூலி போட்டுக்கொள்வதில்லை. அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் உள்ளூரில் ஒரு ஃபில்டர் மாற்றும் வேலையை முடித்திருக்கலாம் என்பதால், கூலியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

கட்டணத்தை வெறும் கிலோமீட்டரை வைத்து நிர்ணயிப்பதும் சரிவராது. நான்குவழிச் சாலையில் காரிமங்கலம் பக்கம் 20 கி.மீ. போவதும், பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் மலைப்பாதையில் இறங்குவதும் ஒன்றல்ல. தூரம் பெட்ரோலுக்கு, நிமிடம் கூலிக்கு என இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். இதற்குச் செயலிகள் இருக்கின்றன. எனக்கு நாற்பது பக்க நோட்டுப் புத்தகமே வசதி. மழையில் நனைந்த விரல் தொடுதிரையில் வேலை செய்வதில்லை.

படி 3: தூரவாரியாக வட்டம் பிரித்தல்

ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. பேருந்து நிலையத்திலிருந்து எட்டு கி.மீ. வரை பயணக் கட்டணம் இல்லை. நல்லம்பள்ளி, இண்டூர் வரை 200 ரூபாய். பாலக்கோடு, பென்னாகரம் வரை 350 ரூபாய். அரூர், ஒகேனக்கல் போன்ற தொலைவிடங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி, அந்த வழியிலுள்ள வேலைகளைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. உங்கள் வண்டிக்கும் கூலிக்கும் ஏற்ப இந்தத் தொகைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பைக்குக் கட்டணம் கிடையாது. காரிலோ சிறு வேனிலோ கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் பக்கம் போவதானால் சுங்கத்தையும் சேர்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இருவழிக்கும் சேர்த்து ஒருவழிக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கே ஆகும் என்பதால், இரண்டு மடங்கு வாங்கிவிடாதீர்கள்.

படி 4: தொலைபேசியில் சொல்லுதல்

“வந்து பாக்கறதுக்கே காசாண்ணா?” என்ற கேள்வி வந்தே தீரும். தொகையைச் சொல்வதற்கு முன், வராமலேயே பழுதைத் தீர்க்க முடியுமா என்று பார்த்துவிட்டால் பதில் சொல்வது எளிது. மோட்டார் சத்தம் கேட்கிறதா? இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் வருகிறதா? மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, இயந்திரத்துக்குப் போகும் சிறு வால்வு திறந்திருக்கிறதா? வீட்டைக் கழுவும்போது யாரோ அந்த வால்வைத் திருப்பிவைத்ததால்தான் இயந்திரம் நின்றது என்று தொலைபேசியிலேயே தெரிந்துவிடுவது உண்டு. அதற்குக் காசு வாங்க வேண்டாம்.

இதே கேள்விகள் எந்த உதிரிபாகத்தை எடுத்துப் போவது என்பதையும் காட்டிக்கொடுக்கும். மோட்டார் ஓடியும் நல்ல தண்ணீர் வராமல் கழிவுநீர் மட்டும் போனால் மெம்பரேனும், இயந்திரம் உயிரே இல்லாமல் கிடந்தால் அடாப்டரும் கட்டாயம் பையில் இருக்க வேண்டும். பொருளை எடுத்துப்போகாததால் மீண்டும் ஒருமுறை போக நேர்ந்தால், இரண்டாவது பயணம் உங்கள் செலவு.

பேசி முடித்தவுடன் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதிலாக இதைச் சேமித்து வைத்திருக்கிறேன்: “வணக்கம். பென்னாகரம் வரை பயணக் கட்டணம் ரூ.350. பழுது நீக்கும் கூலியும் உதிரிபாக விலையும் தனி; இயந்திரத்தைப் பார்த்தபின் சொல்லி, உங்கள் சம்மதம் பெற்ற பிறகே வேலை தொடங்கும். சம்மதமெனில் ‘சரி’ என்று அனுப்பவும்.” ‘சரி’ வராமல் வண்டியை எடுக்க வேண்டாம்.

வாங்கக் கூடாத இடங்கள்

நீங்கள் செய்த வேலையே மறுபடி பழுதானால் வாங்கக் கூடாது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருப்பவரிடமும் வாங்கக் கூடாது. ஒப்பந்தத் தொகையை முடிவுசெய்யும்போதே ஊரின் தூரத்தைக் கணக்கில் கொண்டிருக்க வேண்டும்.

ரசீது

பயணக் கட்டணத்தைத் தனி வரிசையாக எழுதுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. பதிவு பெற்றவர்கள், பயணக் கட்டணமும் சேவையின் மதிப்பில் சேரும் என்பதை மறந்துவிட வேண்டாம். தனியாக எழுதியிருந்தாலும் சர்வீசுக்குரிய 18 சதவீத வரி அதற்கும் உண்டு.

பின்சேர்க்கை

ஒரே நாளில் ஒரே ஊரில் இருவர் அழைத்தால் இருவரிடமும் முழுத்தொகை வாங்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தொகையை இருவருக்கும் பிரித்து வாங்குவதே முறை. ஆனால் நேற்று 350 கொடுத்தவர், பக்கத்து வீட்டுக்காரர் இன்று 200 கொடுத்ததை அறிந்தால் சண்டைக்கு வருவார். ஆகவே ‘புதன்கிழமை பென்னாகரம் 200, மற்ற நாட்களில் 350’ என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அவசரமா, காத்திருப்பதா என்பதை அவரே முடிவுசெய்யட்டும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குக் காட்டுவழியே போய்வருபவர் ஒருவர், யானை நடமாட்டம் காரணமாக மாலை நான்கு மணிக்கு மேல் வரும் அழைப்புகளை மறுநாளுக்குத் தள்ளிவிடுவதாக எழுதியிருந்தார். இருட்டில் திரும்புவதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பதைவிட அதுவே சரி.

இன்னொரு சிக்கல், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. மின்சாரம் இல்லாத வீட்டில் ஆர்ஓ இயந்திரத்தைச் சோதிக்க இயலாது. அவ்வளவு தூரம் போய் மாலைவரை திண்ணையில் காத்திருக்க வேண்டியதாகும். அதனால் அனுப்பும் செய்தியில் ‘நாளை உங்கள் ஊரில் கரண்ட் இருக்குமா என்று பார்த்துச் சொல்லவும்’ என்ற வரியையும் இப்போது சேர்த்திருக்கிறேன்.